வட்டியில்லா அட்வான்ஸும் கிலோவுக்கு 20 ரூபாயும்

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் 50 சென்டில் மல்லி போட்டிருக்கிறோம், 1,200 செடி. வருஷத்துக்குச் சுமார் 1,200 கிலோ பூ மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போகிறது. அங்கே கமிஷன் கடையில் வாங்கிய 60,000 ரூபாய் அட்வான்ஸ் நிற்கிறது, அது தீரும்வரை பூவை அந்தக் கடைக்கே போட வேண்டும். கார்த்திகையில் செடியை வெட்டிவிடும் கவாத்துக்கு இன்னும் 40,000 தருகிறேன், வட்டி வேண்டாம் என்கிறார் கடைக்காரர். மற்ற கடைகளில் கிலோவுக்கு 20 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. கமிஷன் எல்லா இடத்திலும் ஒன்றுதான். வாங்கலாமா, நகையை வைக்கலாமா?

பதில்: அந்த 40,000-ஐ வாங்காதீர்கள். 1,200 கிலோவுக்கு 20 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 24,000. நிற்கும் 60,000-க்கு அது 40 சதவீத வட்டி. கடைக்காரர் தரும் சீட்டில் எடை, விலை, கமிஷன் மட்டுமே இருப்பதால் இந்த வட்டி கண்ணில் படுவதில்லை. விலை வித்தியாசத்தை மட்டும் இன்னொரு முறை சரிபாருங்கள். ஒரே நாளில், ஒரே நேரத்துக்கு வந்த, ஒரே தரப் பூவின் விலையைத்தான் ஒப்பிட வேண்டும். வரத்து கூடினால் ஐந்து மணி விலை எட்டு மணிக்கு நிற்காது. ஈரத்துக்கென்று எடையில் கழிக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கவாத்துச் செலவுக்குக் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்கள். கெடு தேதிக்குள் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. ஐப்பசியிலேயே மனு கொடுத்துவிடுங்கள். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் மல்லி என்று பதிவாகியிருக்க வேண்டும். தரிசு என்றோ வேறு பயிர் என்றோ இருந்தால் கடன் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

பணத்தை எதற்குச் செலவழிப்பது என்பதும் முக்கியம். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டியதும், செடிக்கு 10 கிலோ தொழுவுரம், 65 கிராம் யூரியா, 375 கிராம் சூப்பர் பாஸ்பேட், 100 கிராம் பொட்டாஷ். உங்கள் 1,200 செடிக்கு 12 டன் தொழுவுரம், சூப்பர் 9 மூட்டை, யூரியா, பொட்டாஷ் இரண்டிரண்டு மூட்டைக்குக் கிட்டத்தட்ட வரும். ரசாயன உரம் இதே அளவு ஆனியில் இன்னொரு முறை வேண்டும். கை கடிக்கிறதென்று பலர் விட்டுவிடுவது அந்த இரண்டாம் தவணையைத்தான். அதன் குறை ஆவணி முகூர்த்தப் பூவில் தெரியும்.

பழைய 60,000-ஐ இப்போதே நகை வைத்து அடைக்க வேண்டாம். வெட்டிய செடி மாசி வரை பெரிதாகப் பூக்காது. விற்கப் பூ இல்லாத மாதங்களில் அந்தக் கடைக்குக் கட்டுப்பட்டிருப்பதால் நஷ்டமில்லை, நகைக்கடனுக்கோ அந்த மாதங்களிலும் வட்டி ஓடும். மாசிக் கடைசியில், 60,000-க்கு வேண்டிய நகையை மட்டும் வங்கியில் வைத்துக் கடைக் கணக்கை நேர் செய்யுங்கள்.

பங்குனி முதல் ஆனி வரை மாதம் 15,000 கட்டி, அதுவரை ஓடிய வட்டியையும் கொடுத்தால் நகை திரும்பிவிடும். பூ குவிந்து விலை சரியும் மாதங்கள்தான் அவை. 150-க்கு விற்கும் நாளில் 10 சதவீதக் கமிஷனும் பறிகூலியும் போனால் மிச்சம் சொற்பம். அதற்காகப் பறிக்காமல் விட்டால் மொட்டுப்புழு பெருகி அடுத்த வாரப் பூவும் கெடும். அதன் பிறகு பயிர்க்கடனுக்கு ஆடியிலும் புரட்டாசியிலும் 5,000, ஆவணியிலும் ஐப்பசியிலும் 15,000 எடுத்துவையுங்கள். கெடு கார்த்திகையில், அடுத்த கவாத்து நேரத்தில் வரும். அப்போது தேடினால் பணம் கிடைக்காது.

அட்வான்ஸ் தீர்ந்ததென்று கடை நோட்டில் எழுதச் சொல்லி, கையெழுத்தோடு ஒரு சீட்டும் வாங்கிய பிறகே அடுத்த கடையில் பூவை இறக்குங்கள்.