கோவளம் நெருங்கும்போது கால் ஏன் ஓய்ந்துபோகிறது?

கேள்வி: எனக்கு வயது 43, எடை 74 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. இரண்டு வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிறு காலை நாலரை மணிக்குத் திருவான்மியூரில் நண்பர்களோடு கிளம்பி, ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் போய்த் திரும்புவோம். மொத்தம் சுமார் 90 கி.மீ. போகும்போது குழுவோடு சமமாகப் போகிறேன். திரும்பும்போது கோவளம் நெருங்கியதும் காலில் பலமே இருப்பதில்லை. தலை கிறுகிறுக்கிறது, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது. எடை குறைய வேண்டும் என்று இரவில் சோற்றை நிறுத்திவிட்டேன், இரண்டு சப்பாத்திதான். வெறும் வயிற்றில் ஓட்டினால் கொழுப்பு கரையும் என்று சொன்னதால், கறுப்புக் காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புவேன். வழியில் தண்ணீர், மாமல்லபுரத்தில் இன்னொரு காபி. வீட்டுக்கு வந்து பொங்கல், வடை சாப்பிட்டுப் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை. அசதி செவ்வாய்க்கிழமை வரை இருக்கிறது. வயதாகிவிட்டதா? எல்லாரும் வைத்திருக்கும் எனர்ஜி ஜெல்லை (பாக்கெட்டில் வரும் இனிப்புக் கூழ்) நானும் வாங்க வேண்டுமா?

பதில்: வயதை விடுங்கள். சனி இரவிலிருந்து ஞாயிறு காலை வீடு திரும்பும்வரை உங்கள் வயிற்றுக்குள் போனது இரண்டு சப்பாத்தியும் இரண்டு காபியும்தான். அதை வைத்துக்கொண்டு 60 கி.மீ.க்கு மேல் குழுவோடு ஓட்டியிருக்கிறீர்கள் என்றால் உங்கள் காலும் நெஞ்சும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. குறை இருப்பது சாப்பாட்டில்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் 90 கி.மீ. என்றால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல். உங்கள் எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 500 கலோரி செலவாகும். மொத்தம் 1,800 பக்கம் வரும். அந்த வேகத்தில் பாதிக்கு மேல் மாவுச்சத்திலிருந்துதான் எரிகிறது, அதாவது 250 கிராம் வரை. உடல் மாவுச்சத்தை கிளைகோஜனாகச் சேமிக்கிறது: நன்றாகச் சாப்பிட்டிருந்தால் தசைகளில் 400 கிராம் வரை, கல்லீரலில் 80 முதல் 100 கிராம். தசையில் இருப்பது உடல் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. கையில் இருக்கும் கிளைகோஜனை எடுத்துக் காலுக்குக் கொடுக்க உடலால் முடியாது. நீங்களோ இரவில் மாவுச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள்.

கல்லீரல் சேமிப்பின் வேலை வேறு. ரத்தத்தில் சர்க்கரை அளவு இறங்காமல் பார்த்துக்கொள்வதும், மூளைக்குத் தீனி போடுவதும் அதுதான். நீங்கள் தூங்கும்போதும் மூளை அதைத்தான் சாப்பிடுகிறது, ஆகவே விடியும்போது கல்லீரலில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். கால் ஓய்ந்துபோவது தசையில் சரக்கு தீர்வதால். கிறுகிறுப்பும் எரிச்சலும் பெரும்பாலும் ரத்தச் சர்க்கரை இறங்குவதால். உங்களுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறது. சைக்கிள் குழுக்களில் இதைத்தான் ‘பாங்க்’ ஆகிவிட்டது என்பார்கள். இது யாருக்கும் வரும். 2013 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையோடு ஆல்ப் துவேஸ் மலை ஏறிக்கொண்டிருந்த கிறிஸ் ஃப்ரூம், சக்தி தீர்ந்துபோய், உதவி கேட்டுக் கையைத் தூக்கினார். சக வீரர் ரிச்சி போர்ட் பின்னால் போய் அணியின் காரிலிருந்து ஜெல் வாங்கி வந்து கொடுத்தார். முடிவுக்கோடு நெருங்கிய பிறகு உணவு வாங்கக் கூடாது என்ற விதியை மீறியதற்காக ஃப்ரூமுக்கு 20 வினாடி அபராதம். அதை ஏற்றுக்கொண்டும் சாப்பிட்டார். அந்த ஆண்டு டூரை வென்றதும் அவர்தான்.

வெறும் வயிற்றில் ஓட்டினால் அந்த நேரத்தில் கொழுப்பு கூடுதலாக எரிவது உண்மைதான். ஆனால் எடை குறைவதை முடிவு செய்வது வாரம் முழுக்க நீங்கள் சாப்பிடுவதும் செலவழிப்பதும். ஒரு மணி நேரம் மெதுவாக ஓட்டுவதானால் வெறும் வயிறு பரவாயில்லை. 90 கி.மீ.க்கு அது சரிப்படாது. சைக்கிள் மேல் இருக்கும்போது டயட் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். எடையைக் குறைப்பதானால் ஓட்டாத நாட்களில், மாலை நொறுக்குத்தீனியில் குறையுங்கள்.

இனி என்ன செய்வது? சனி இரவு சோறு சாப்பிடுங்கள். சாம்பார் சாதமோ தயிர்சாதமோ, இல்லாவிட்டால் ஐந்தாறு இட்லி, இடியாப்பம். பரோட்டாவும் பிரியாணியும் வேண்டாம். எண்ணெய் கூடினால் காலை வரை வயிறு கனமாக இருக்கும். காலையில் எழுந்ததும் இரண்டு இட்லியில் கொஞ்சம் சர்க்கரை தொட்டுக்கொண்டு சாப்பிடலாம், அல்லது ஜாம் தடவிய பிரெட் இரண்டு துண்டு. காபியை விட வேண்டாம், அது உதவத்தான் செய்கிறது. சிலருக்குக் கிளம்புவதற்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்னால் இனிப்பாக எதையாவது சாப்பிட்டால், ஓட்ட ஆரம்பித்ததும் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கி ஒருமாதிரி இருக்கும். அப்படி இருந்தால் வீட்டில் சாப்பிடாமல், சைக்கிளில் ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் இரண்டு வாழைப்பழம் போதும்.

வழியில் சாப்பிடுவதுதான் இதில் முக்கியம், பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவதும் அங்கேதான். பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம். கிளம்பி அரை மணியில், உத்தண்டி சுங்கச்சாவடி வருவதற்குள் முதல் வாய் உள்ளே போயிருக்க வேண்டும். உங்கள் தூரத்துக்கு மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஏலக்கி வாழைப்பழம் ஒன்றில் 12 முதல் 15 கிராம் இருக்கும். ஒரு இட்லியிலும் அவ்வளவே. சாதாரண பேரீச்சம்பழம் இரண்டில் பத்து கிராம் பக்கம். ஐரோப்பியத் தொழில்முறை அணிகளின் சமையல்காரர்கள் சோற்றை இனிப்பாக அழுத்திக் கட்டி, ஃபாயிலில் சுற்றி வீரர்களின் பையில் போட்டுவிடுகிறார்கள். நம் ஊர் இட்லி அதே வேலையைச் செய்யும். மிருதுவானது, எண்ணெயும் நாரும் குறைவு, உப்பும் இருக்கிறது. இட்லியை நான்காக வெட்டிப் பொடி தூவி ஃபாயிலில் மடித்து ஜெர்சிப் பையில் வையுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு ஜெல்லுக்கு முன்னால் நான் சொல்வது இதைத்தான். கடலைமிட்டாயும் நல்லதுதான், ஆனால் கடலையின் கொழுப்பு செரிக்க நேரமாகும். அதை மாமல்லபுரத்தில் நின்று சாப்பிடுங்கள்.

மென்று விழுங்கச் சிரமமாக இருந்தால் பாட்டிலிலேயே கலந்துவிடலாம். 750 மில்லி தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை. கிட்டத்தட்ட 40 கிராம் மாவுச்சத்து வந்துவிடும். சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குடலில் இரண்டும் வேறு வேறு வாசல் வழியாக உள்ளே போவதால் ஒன்றையொன்று இடிப்பதில்லை. குளுக்கோஸ் மட்டும் என்றால் மணிக்கு 60 கிராம் அளவில் உறிஞ்சுதல் தேங்கிவிடும். கலந்து கொடுத்தால் 90 வரை போகலாம். ஆனால் 90 கிராமெல்லாம் பி.ஆர்.எம். எனப்படும் 200 கி.மீ. நெடுந்தூரச் சவாரி ஓட்டுகிறவர்களுக்கு. குடலுக்கும் பழக்கம் தேவை, ஆகவே மணிக்கு 30 கிராமில் ஆரம்பித்து வாராவாரம் ஏற்றுங்கள்.

உப்பைத் தவிர்க்காதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் விடியற்காலையிலேயே சட்டை பிழியும் அளவுக்கு வியர்க்கிறது, அதோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகலாம். தலைவலி, குமட்டலில் தொடங்கி ஆபத்து வரை போகும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. விரும்பிக் குடியுங்கள், கூட ஒரு சிட்டிகை உப்பு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு உப்புச் சேர்க்க வேண்டும்.

ஜெல் வாங்குவது உங்கள் விருப்பம். பெரும்பாலான பாக்கெட்டுகளில் இருப்பது 20, 25 கிராம் மாவுச்சத்து. பந்தயத்திலும், கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும், கையை ஹாண்டில்பாரிலிருந்து எடுக்க முடியாதபோது அது வசதி. ஞாயிறு ஈ.சி.ஆருக்கு வாழைப்பழம் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் கிறுகிறுப்பு வந்தால் ஓட்டாதீர்கள். பல வருடத்துக்கு முன் முட்டுக்காடு பாலத்தில், இன்னும் இருபது கிலோமீட்டர்தானே என்று நான் மிதித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் வந்த பேருந்தின் ஹாரன் காதில் விழுந்தது, ஆனால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று முடிவெடுக்க முடியவில்லை. அந்த சில வினாடிகளை நான் மறக்கவில்லை. நிறுத்துங்கள், நிழலில் உட்காருங்கள், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, கூடவே ஒரு குளிர்பானமோ குளுக்கோஸோ எடுத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் கழித்துத் தெளிந்ததும் மெதுவாகக் கிளம்பலாம். தெளியவில்லையென்றால் வீட்டுக்குப் போன் செய்து காரை வரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும் பொங்கலில் தவறில்லை, சேமிப்பை நிரப்ப மாவுச்சத்து வேண்டும்தான். குறைவது புரதம். வடையை விட்டுவிட்டு மூன்று முட்டையும் ஒரு டம்ளர் பாலும், அல்லது பெரிய கிண்ணம் சுண்டலும் தயிரும் சேர்த்தால் 20 கிராமுக்கு மேல் வந்துவிடும்.

செவ்வாய் வரை நீளும் அசதியை மட்டும் நான் தனியாகப் பார்க்கிறேன். ஞாயிறு பசி தீராமல் வாரத்துக்குள் வழிவது ஒரு காரணமாக இருக்கலாம். செலவுக்கு ஏற்ற அளவு சாப்பிடாமலே பல மாதம் போனால் தூக்கம் கெடும், ஹார்மோன்கள் குறையும், எலும்பு பலவீனமாகும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது இதற்கு முக்கிய அறிகுறி. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014 முதல் இதைத் தனிப் பிரச்சினையாகவே எச்சரிக்கிறது. மூன்று, நான்கு வாரம் மேலே சொன்னபடி சாப்பிட்டும் அசதி விடவில்லையென்றால் ஹீமோகுளோபின், ஃபெரிடின் (இரும்புச்சத்துச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, தைராய்டு, எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். சைவம் என்றால் பி12 கட்டாயம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், இந்த உணவு அளவுகளைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓட்டும்போது நெஞ்சில் அழுத்தமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் அது சாப்பாட்டு விஷயம் இல்லை. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த ஞாயிறு போனில் இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள். அடித்தால் ஒரு வாய் சாப்பாடு, இரண்டு மடக்கு பாட்டில். கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால், அதற்கடுத்த வாரம் இன்னொரு பாட்டிலை ஃப்ரேமில் மாட்டிக்கொள்ளுங்கள்.