யு.கே.ஜி. படிக்கும் 5 வயதுப் பையனுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு) இருக்கலாம் என்கிறார்கள். இப்போதே டாக்டரிடம் காட்டணுமா, வளர்ந்தால் சரியாகிவிடுமா?

காட்டுங்கள். முழு ஆண்டு லீவு வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் அம்மாவாகத்தான் இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். "ஆம்பளப் புள்ள ஓடத்தான் செய்யும், இவன் அப்பனும் அப்படித்தான்" என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் நேர் எதிர். என் மகளுக்கும் ஏடிஎச்டிதான், கவனக்குறைவு வகை; ஓடவே மாட்டாள். அதனாலேயே நாலு வருஷம் கோட்டை விட்டோம். ஒண்ணாம் வகுப்பிலிருந்து எல்லா டீச்சரும் சொன்னது ஒரே வரி: "நல்ல பொண்ணு, கவனம்தான் பத்தல." வாரம் ஒரு தண்ணீர் பாட்டில் தொலையும். திட்டுவேன். அடித்தும் இருக்கிறேன்.

நாலாம் வகுப்பில் ஒரு கணக்குப் பரீட்சைத் தாள் வந்தது. ஆறு கணக்கு சரி. ஏழாவது கழித்தலில் கடன் வாங்கி, மேலே எண்ணையும் எழுதிவிட்டு, பாதியில் நிறுத்தி ஓரத்தில் ஒரு பூ வரைந்திருந்தாள். பின்பக்கம் மொத்தமும் வெள்ளை. "திருப்பிப் பாக்கணும்னு தோணலம்மா" என்றாள். அடிக்கக் கை வரவில்லை.

டாக்டர் முதலில் கண், காது பார்க்கச் சொன்னார், தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. வீட்டுக்கு ஒரு படிவம், வகுப்பு டீச்சருக்கு ஒரு படிவம். கவனக்குறைவில் 9 அறிகுறிகள்; குறைந்தது 6, வீடு பள்ளி இரண்டிலும், 6 மாதத்துக்கு மேல் இருக்கணும், 12 வயதுக்குள் தொடங்கியிருக்கணும். "பொருட்களைத் தொலைப்பது", "கூப்பிட்டால் காதில் விழாதது போல் இருப்பது"... நான் அவளை அடித்த காரணமெல்லாம் அங்கே வரிசையாக அச்சாகியிருந்தது.

மாத்திரைக்கு ஆள் பிடிக்கிறேன் என்று கமெண்டில் எழுத வருகிறவர்களுக்கு: ஆறு வயதுக்குள் முதலில் கொடுப்பது மாத்திரை இல்லை, பெற்றோருக்கான பயிற்சி. செல்போன் கொடுத்துக் கெடுத்தேன் என்பவர்களுக்கு: இது மூளை வளர்ச்சி சார்ந்தது, பெரும்பாலும் பரம்பரையாக வருவது. என் மகள் மாத்திரை சாப்பிடுகிறாள், மறைக்கவில்லை.

செலவை நினைத்துத் தயங்கினால், 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள், ஏடிஎச்டியும் அதில் உண்டு. மாவட்டத்தில் இந்தக் குழந்தைகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும் ஆரம்ப இடையீட்டு மையம் எங்கே என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம், கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஎச்டி பெயர் இல்லை. பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டுப் போனபோது பள்ளியில் அதைத்தான் காட்டினார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பள்ளிக் கூட்டத்துக்கு வரும் மெசேஜில் "தாய்மார்கள் கட்டாயம் வரவும்" என்றே இருக்கும். ஒவ்வொரு தடவையும் அரை நாள் சம்பளம் என்னுடையதுதான் போகும். புகார் கேட்பதும் நான், மாமியாரிடம் பதில் சொல்வதும் நான். டாக்டரிடம் போகும்போது உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். படிவத்தை அவர் தனியாக ஒன்று நிரப்பட்டும்.