எச்-இண்டெக்ஸ் 38 உள்ள கைடா, 14 உள்ள கைடா?

மதுரையில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, புற்றுநோய் ஆய்வில் பி.எச்டி. சேரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு கைடுக்கு, அதாவது ஆய்வு வழிகாட்டிக்கு, எச்-இண்டெக்ஸ் 38, இன்னொருவருக்கு 14. 14 உள்ளவரிடம் சேர்ந்தால் பின்னால் வருத்தப்பட வேண்டியிருக்குமா என்பது கேள்வி. நானும் காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவள்தான். இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இருவருடைய பேப்பர் (ஆய்வுக் கட்டுரை) பட்டியலையும் திறந்து, உட்கார்ந்து படியுங்கள்.

எச்-இண்டெக்ஸ் என்பது 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. ஒரு பேப்பரை இன்னொரு பேப்பர் மேற்கோள் காட்டுவதுதான் சைட்டேஷன். 14 என்றால், குறைந்தது 14 சைட்டேஷனாவது வாங்கிய பேப்பர்கள் அவரிடம் 14 இருக்கின்றன. வருடம் போகப்போக இது ஏறும், இறங்காது. இருபத்தைந்து வருடமாக லேப் நடத்துபவரையும் எட்டு வருடத்துக்கு முன் தொடங்கியவரையும் இதை வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

அப்புறம், நம் பெயர்களால் வரும் குழப்பம். ஒரு இனிஷியல், ஒரு பெயர், அவ்வளவுதான். ‘எஸ். குமார்’ என்று தேடிப் பாருங்கள், ஊரில் உள்ள அத்தனை குமாரும் வந்து நிற்பார்கள். பேப்பர்களையும் சைட்டேஷன்களையும் திரட்டிக் காட்டும் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் வேறொருவர் பேப்பர் சேர்ந்துவிடுவது சாதாரணம். ஆர்கிட் (ORCID) எண், அதாவது ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனியாக உள்ள அடையாள எண், இருந்தால் அதை வைத்துச் சரிபாருங்கள்.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் எங்கள் பக்கத்துப் பேப்பர் ஒன்று. எம்.எஸ்சி. படிக்கும்போது 2007-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையைச் செமினாருக்கு எடுத்தேன். உள்ளே ‘திண்டுக்கல் மாவட்டம்’ என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பெரியம்மா ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். அங்கே அம்பிளிக்கை மருத்துவமனையும், பிரான்சின் லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. எழுதியவர்கள் பட்டியலில் முதல் பெயர் டாக்டர் சங்கரநாராயணன். பயிற்சி பெற்ற நர்சுகள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று கண்ணாலேயே பார்த்தார்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களை அழைத்ததில் 31,343 பேர் வந்தார்கள். பரிசோதனை இல்லாத பகுதிகளோடு ஒப்பிட்டபோது, அழைக்கப்பட்ட பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

பெரியம்மாவிடம் கேட்டேன். “ஆமா, கூட்டிட்டுப் போனாங்க. வினிகர் மாதிரி என்னவோ தடவிப் பாத்துட்டு, ஒண்ணுமில்லம்மான்னு அனுப்பிட்டாங்க” என்றார். அந்த 31,343-இல் அவரும் ஒருவர் என்று சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இப்போது கணக்குக்கு வாருங்கள். அந்த லான்செட் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவருக்கு எச்-இண்டெக்ஸ் 14 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டுரை எத்தனை நூறு சைட்டேஷன் வாங்கியிருந்தாலும் அந்த 14-க்குள் அது வெறும் ஒன்றுதான். அதை மேற்கோள் காட்டியவர்கள் எல்லாரும் பாராட்டவும் இல்லை. ஒப்பீட்டுப் பகுதிப் பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டது தகுமா என்று கடுமையாகக் கேட்டவர்களும் அதையே மேற்கோள் காட்டினார்கள். எனக்கும் அந்தக் கேள்வி முக்கியமானதாகவே படுகிறது. எண்ணிக்கையில் பாராட்டும் கண்டனமும் ஒன்றாகவே சேரும். அதனால் கைடின் முக்கியமான இரண்டு பேப்பர்களை எடுத்து, கூகுள் ஸ்காலரில் அதை மேற்கோள் காட்டியவற்றைக் காட்டும் ‘சைட்டட் பை’ அழுத்தி, பத்துக் கட்டுரைகளையாவது திறந்து பாருங்கள். இவர் முடிவின் மேல் யாராவது வேலை செய்திருக்கிறார்களா, அல்லது முதல் பத்தியில் பத்தோடு பதினொன்றாகப் போட்டிருக்கிறார்களா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

38 உள்ளவர் பட்டியலில் ரிவ்யூ கட்டுரைகள், அதாவது மற்றவர்கள் செய்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதியவை, எத்தனை என்றும் பாருங்கள். ரிவ்யூ எழுதுவது தப்பில்லை, ஆனால் அதற்குச் சைட்டேஷன் சீக்கிரம் குவியும். புதிய சோதனை செய்து எழுதிய பேப்பர்களைத் தனியாக எண்ணுங்கள். திரும்பப் பெறப்பட்ட பேப்பர்களைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச், வெளியான பேப்பர்களில் உள்ள குறைகளை வாசகர்கள் விவாதிக்கும் பப்பியர் (PubPeer) ஆகிய இரண்டு தளங்களிலும் பெயரைத் தேடுங்கள். புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையின் ஒரே படம் இரண்டு பேப்பரில் வேறு வேறு புரதமாக வந்திருந்தால், அந்த லேப் பக்கமே போகாதீர்கள்.

கடைசியாக, பெயர்களின் வரிசை. நம் துறையில் முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் லேப் தலைவருடையது. கடந்த ஐந்து வருடப் பேப்பர்களில் முதல் பெயராக மாணவர்கள் இருக்கிறார்களா? நான் சேரவிருந்த ஒரு லேப்பில் சீனியர் அக்கா நான்கு வருடம் உழைத்த பேப்பரில் அவர் பெயர் நடுவில் எங்கோ கிடந்தது. அதைப் பார்த்துத்தான் வேறு இடம் தேடினேன். இரண்டு லேப்பிலும் பி.எச்டி. முடித்து வெளியேறிய ஓரிருவருக்கு மெயில் போடுங்கள். பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள், பட்டியலைச் சேர்ந்தே பார்க்கலாம்.