‘ஷென்’: ஆழத்தைக் குறிக்கும் சீன எழுத்து பற்றிச் சில கேள்விகள்

இடப்பக்கம் மூன்று துளி, வலப்பக்கம் மேலே மூடி, கீழே மரம். தண்ணீரில் மூழ்கிய மரம் என்றுதான் நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். சரியா?

நினைவில் வைக்க உதவும், ஆனால் எழுத்தின் வரலாறு அதுவல்ல. மூன்று துளி தண்ணீரேதான். கீழே இருப்பதோ மரமல்ல. பல நூற்றாண்டுகள் எழுதி எழுதி, பழைய வடிவம் மரம்போல் மாறிவிட்டது. ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் கீறிய மிகப் பழைய வடிவத்தை, குகைக்குள் துழாவும் கை என்று ஆய்வாளர்கள் பலர் வாசிக்கிறார்கள். எனக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது. காரணம், அதே வலப்பக்கத்துடன் தண்ணீருக்குப் பதில் கைக்குறி சேர்த்தால் ‘தான்’ என்ற எழுத்து வரும். அதன் பொருள் துழாவுதல், ஆராய்தல். இரண்டையும் ஒன்றாகவே படியுங்கள்.

அப்படியானால் தண்ணீர் எப்படி வந்து சேர்ந்தது?

கி.பி. 100 வாக்கில் ஷு ஷென் தொகுத்த ‘ஷுவோவென்’ அகராதி, இந்த எழுத்தை ஓர் ஆற்றின் பெயர் என்கிறது. இன்றைய ஹூனான் மாநிலத்தின் தென்பகுதியில் ஓடிய ஆறு அது. வலப்பக்கத்தைத் தனி எழுத்தாகவே கொடுத்து, அதற்குத்தான் ‘ஆழம்’ என்று பொருள் சொல்கிறது. அடுப்பின் புகைபோக்கி என்று இன்னொரு பொருளும் உண்டு. அங்கே கைக்குப் பதில் நெருப்பைக் காண்கிறார் அவர். பின்னாளில் அந்தத் தனி எழுத்து வழக்கொழிய, ஆழம் என்ற பொருள் முழுவதும் தண்ணீர் சேர்ந்த எழுத்துக்கே வந்துவிட்டது.

நிறத்துக்கும் இரவுக்கும் இதே எழுத்து ஏன்?

உள்ளே வெகுதூரம் போய்விட்ட எதற்கும் இது பொருந்தும் என்பதால். ‘ஷென் ஹோங்’ அடர் சிவப்பு, ‘ஷென் யே’ நள்ளிரவு, ‘ஷென் ச்சியூ’ இலையுதிர்காலத்தின் பின்பகுதி. நட்பு, வெறுப்பு, புரியாத தத்துவம் எல்லாவற்றுக்கும் வரும். எனக்கு மிகப் பிடித்த இடம் கவிஞர் தூ ஃபூவுடையது. 757இல், கலகக்காரர் கையில் இருந்த சாங்கான் நகரில் வசந்தம் வந்தபோது புல்லும் மரமும் ‘ஷென்’ என்றார். அடர்ந்து மண்டிக் கிடக்கின்றன என்று பொருள். வெட்டவும் நடமாடவும் ஆளில்லாத ஊர் அந்த ஒரு எழுத்தில் தெரிந்துவிடுகிறது.

‘தண்ணீர் ரொம்ப ஆழம்’ என்று சீன நண்பர் ஒரு வியாபாரத்தைப் பற்றிச் சொன்னார். பாராட்டா?

இல்லை, எச்சரிக்கை. வெளியே தெரியாத உள்விவகாரம் நிறைய இருக்கிறது, யோசித்து இறங்குங்கள் என்கிறார்.

ஷென்ஜென் நகரின் பெயரில் இருப்பதும் இதுதானா?

ஆமாம். ‘ஜென்’ என்பது வயல்களுக்கு இடையே ஓடும் வாய்க்கால். ஆழமான வாய்க்கால் என்பதே 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமான அந்த நகரின் பெயர்.

கொரிய மொழியில் இதை ‘ஷிம்’ என்கிறார்கள். ‘ன்’ எப்படி ‘ம்’ ஆனது?

மாறியது இன்றைய பொதுச் சீனமொழியான மாண்டரின்தான். பழைய சீனத்தில் இந்தச் சொல் ‘ம்’ என்றே முடிந்தது. கொரியர்கள் கடன் வாங்கியபோது இருந்த ஒலி அது. வியட்நாமியரின் ‘தம்’, தென்சீன மொழியான கான்டனீஸ் பேசுவோரின் ‘ஸம்’ இரண்டிலும் அது அப்படியே இருக்கிறது. ஜப்பானியரின் ‘ஷின்’ மட்டும் மாண்டரின் போலவே ‘ன்’னுக்குப் போய்விட்டது.