ஆக்டிவா, பாஸிவா? பேஸ் கிட்டார் வாங்குவோரின் கேள்விகள்

டிசம்பர் நெருங்கினால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சர்ச் பாடகர் குழுக்கள் சுறுசுறுப்பாகிவிடும். கூடவே இசைக்கருவி வாங்குவது பற்றிய கடிதங்களும் வந்து குவியும். இந்த முறை பேஸ் கிட்டார் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆக்டிவ் என்றால் சத்தத்தை வலுவாக்கும் பிரீஆம்ப் என்ற சின்ன போர்டும் அதற்கான பேட்டரியும் உள்ளேயே இருக்கும் கிட்டார், பாஸிவ் என்றால் அவை இல்லாதது.

கேள்வி: ஐயா, என் மகன் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். அவனிடம் இருப்பது பழைய பாஸிவ் கிட்டார். அதைச் சர்ச் மிக்சரில் மாட்டினால், போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் மந்தமாகக் கேட்கிறது. ஆக்டிவ் கிட்டார் வாங்கினால்தான் சரியாகும் என்கிறார் கடைக்காரர். அதன் விலை பழையதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாங்கலாமா?
— காசிமேடு வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கிட்டாரை விட்டுவிட்டு வயரின் மறுமுனையைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், கோளாறு அங்கேதான் இருக்க வேண்டும்.

பாஸிவ் கிட்டாருக்குள் இருப்பவை மிகக் கொஞ்சம். காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். அதுதான் பிக்கப். அதன் மேலே தந்தி அதிரும்போது சுருளில் சிறிதளவு மின்சாரம் பிறக்கிறது. அப்புறம் வால்யூம் குமிழ், டோன் குமிழ், ஒரு கெப்பாசிட்டர், வயர் செருகும் ஜாக். அவ்வளவுதான், பேட்டரி கிடையாது. இப்படிப் பிறக்கும் மின்சாரம் மிகவும் நலிந்தது. அதை வாங்கிக்கொள்ளும் கருவி அதிகம் இழுக்காமல் மெதுவாக வாங்கிக்கொள்ள வேண்டும். பேஸ் ஆம்ப் அதற்கென்றே செய்யப்பட்டது. அதன் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்ளே வரும் மின்சாரத்துக்கு அது காட்டும் தடை, பெரும்பாலும் 1 மெகாஓம், அதாவது பத்து லட்சம் ஓம் அளவில் இருக்கும். மிக்சரின் சாதாரண லைன் இன்புட்டில் இது பத்து, இருபது கிலோஓம்தான். மைக் இன்புட்டில் இன்னும் குறைவு. பாஸிவ் பிக்கப்பை நேராக அதில் மாட்டினால் ட்ரெபிள், அதாவது கூர்மையான மேல் ஒலி, முழுக்க அமுங்கிப்போகும், சத்தமும் குறையும். உங்கள் மகன் கேட்பது அதைத்தான்.

மேடையிலிருந்து மிக்சர் தூரத்தில் இருந்து, ஒரே நீள வயரை இழுத்திருந்தால் இன்னொரு நட்டமும் சேர்ந்துகொள்கிறது. கிட்டார் வயர் தானே ஒரு கெப்பாசிட்டர்போல் நடந்துகொள்ளும். மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபேரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5, 6 மீட்டர் வரை பெரிதாகத் தெரியாது. 20 மீட்டர் இழுத்தால் தந்தியின் பளபளப்பெல்லாம் வழியிலேயே தங்கிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். மிக்சரில் ஏதாவது ஒரு சானலில் ‘ஹை-இசட்’ என்று எழுதியோ, கிட்டார் படம் போட்டோ ஒரு பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன மிக்சர்கள் பலவற்றில் உண்டு. யாரும் அதை அழுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள். இருந்தால் செலவே இல்லை. இல்லாவிட்டால் டிஐ பாக்ஸ் ஒன்று வாங்குங்கள். கிட்டாரின் மின்சாரத்தை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி அது. அதிலும் ஆக்டிவ், பாஸிவ் என்று இரண்டு வகை உண்டு. பாஸிவ் கிட்டாருக்கு ஆக்டிவ் டிஐ பாக்ஸ்தான் பொருந்தும். மிக்சர் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரிலேயே அது ஓடும். கிட்டாரிலிருந்து பாக்ஸ் வரை குட்டை வயர், அங்கிருந்து மிக்சர் வரை மைக் வயர். இரண்டாவது கிட்டார் வாங்கும் பணத்தில் சிறு பங்குதான் ஆகும்.

வாங்குவதற்கு முன் கிட்டாரை யாரிடமாவது இருக்கும் நல்ல பேஸ் ஆம்ப்பில் ஒரு மணி நேரம் மாட்டி வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே கணீரென்று பேசினால் கிட்டாரைத் தொட வேண்டியதே இல்லை. அங்கேயும் மந்தமாக இருந்தால் புதுத் தந்தி போட்டுப் பாருங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் தந்தி சீக்கிரம் துருப்பிடித்துச் செத்துவிடும்.

ஆக்டிவ் வீண் என்று நான் சொல்லவில்லை. அதில் பிக்கப்புக்கு அடுத்தபடியாக ஒரு சின்ன பிரீஆம்ப் போர்டு இருக்கும். பாஸிவ் டோன் குமிழால் ட்ரெபிளைக் குறைக்க மட்டுமே முடியும், இல்லாததைக் கூட்ட முடியாது. பிரீஆம்ப் பேஸையும் ட்ரெபிளையும், சிலவற்றில் மிட்டையும் தனித்தனியாகக் கூட்டவும் குறைக்கவும் விடுகிறது. வெளியே அனுப்பும் மின்சாரமும் வலுவானது என்பதால் நீள வயரோ, மிக்சரின் லைன் இன்புட்டோ அதை அசைப்பதில்லை. ஒரே கச்சேரியில் பழைய பாட்டு, புதுப் பாட்டு, கானா என்று மாறி மாறி வாசிப்பவருக்கு இது பெரிய வசதி.

ஆனால் பாஸிவ் என்றால் மட்டம் என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். ஃபெண்டர் நிறுவனம் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸிலும், 1960-இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸிலும் பேட்டரி கிடையாது. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களுக்கு பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது அந்தப் பிரிசிஷன்தான். ஆக்டிவை ஊரறியச் செய்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே 1976-இல் வந்தது. வேடிக்கை என்னவென்றால் அதற்குப் பின்னாலும் இருந்தவர் ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய அதே லியோ ஃபெண்டர். கிட்டார் வாசிக்கத் தெரியாத மனிதர்!

கேள்வி: நான் மெல்லிசைக் குழுவில் ஆக்டிவ் பேஸ் வாசிக்கிறேன். ஆடி மாத அம்மன் கோயில் கச்சேரியில் நாலைந்து பாட்டுக்குப் பிறகு சத்தம் கரகரத்து, மெலிந்து, ஒரேயடியாக நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் போர்டு எரிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை கேட்கிறார்.
— பெரம்பூர் வாசகி

பதில்: மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாரா, கையில் எடுத்துப் பார்த்ததுமே சொன்னாரா? கரகரப்பு, பிறகு மெலிவு, பிறகு மௌனம் என்ற வரிசையில் வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பேட்டரி தீர்ந்திருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே பார்த்துவிடலாம்.

கிட்டாரின் பின்புறம் சின்ன மூடி இருக்கும். திறந்தால், மல்டிமீட்டரில் போடுவார்களே அந்தச் செவ்வகமான 9 வோல்ட் பேட்டரி. சில கிட்டார்களில் இரண்டு இருக்கும், மொத்தம் 18 வோல்ட். புது ஆல்கலைன் பேட்டரி மீட்டரில் ஒன்பதுக்குச் சற்று மேலே காட்டும். எட்டுக்குக் கீழே போனால் மாற்றுங்கள். மாற்றும்போது கிளிப்பையும் உற்றுப் பாருங்கள். கறுப்பும் சிவப்புமாக இரண்டு வயர், நுனியில் இரண்டு உலோகப் பொத்தான்கள். அவற்றின் விளிம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் புது பேட்டரி போட்டாலும் மின்சாரம் போகாது. பென்சில் அழிக்கும் ரப்பரால் அழுத்தித் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் ரிச்சி தெருவில் புதுக் கிளிப் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இரண்டு வயரைப் பற்றவைக்கப் பத்து நிமிடம் போதும்.

பேட்டரி ஏன் எதிர்பாராமல் தீர்ந்தது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஆக்டிவ் கிட்டாருக்குத் தனி சுவிட்ச் கிடையாது. ஜாக்தான் சுவிட்ச். வயரைச் செருகிய நொடியில் பிரீஆம்ப் ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். பல பிரீஆம்ப்கள் 1 மில்லிஆம்பியர் அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் எடுக்கின்றன. ஆல்கலைன் பேட்டரி சுமார் 500 மில்லிஆம்பியர்-மணி தாங்கும். வாசிக்கும் நேரத்தில் மட்டும் செருகினால் மாதக்கணக்கில் வரும். ஒத்திகை முடிந்து வயரோடு ஸ்டாண்டில் நிறுத்திவைத்தால் மூன்று வாரத்தில் காலி. குழுவில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவையுங்கள், ஏனென்றால் வயரைச் செருகிப் ‘பத்திரமாக’ வைப்பவர் எப்போதும் வேறொருவராகத்தான் இருப்பார்.

மலிவான கார்பன் பேட்டரி வேண்டாம். தீர்ந்தபின் உள்ளேயே கசிந்து களிம்பைக் கூட்டும். உபரி பேட்டரி ஒன்று கிட்டார் உறையில் எப்போதும் இருக்கட்டும். அடுத்த கிட்டார் வாங்கும்போது ஆக்டிவ்-பாஸிவ் மாற்றும் சுவிட்ச் உள்ளதா என்று கேளுங்கள். யமஹாவின் டிஆர்பிஎக்ஸ் வரிசையில் 174 முழுப் பாஸிவ், 304 ஆக்டிவ், 504-இல் மாற்றும் சுவிட்ச் உண்டு. மேடையில் பேட்டரி போனால் சுவிட்சைத் தட்டிவிட்டுப் பாட்டை முடித்துவிடலாம்.

கேள்வி: ஆம்ப்பில் ‘உம்ம்’ என்ற இரைச்சல் ஓயாமல் வருகிறது. மைக்கில் உதடு பட்டால் சுரீரென்கிறது. ஆக்டிவுக்கு மாறினால் போகுமா?
— திருவொற்றியூர் வாசகர்

பதில்: இரண்டாவது வாக்கியத்தைப் படித்ததும் பதறிவிட்டேன். அதை முதலில் கவனியுங்கள். உங்கள் தந்தி, ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. மைக், மிக்சரின் எர்த்தோடு. இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து மின்சாரம் எடுத்து, ஒன்றில் எர்த் சரியில்லை என்றால், கையிலிருந்து உதடு வழியாகப் பாய்வது மின்சாரம்தான். இப்படி மேடையில் உயிரே போயிருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சோதித்து, மின்கசிவு வந்தால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்தும்வரை வாசிக்காதீர்கள். ஜெனரேட்டரில் ஓடும் தெருக் கச்சேரியிலும் அதற்கு எர்த் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆம்ப்பையும் மிக்சரையும் ஒரே இடத்திலிருந்து இணையுங்கள். இரைச்சல் குறைகிறதென்று பிளக்கின் மூன்றாவது முள்ளை யாராவது வெட்டச் சொன்னால் அவரை மேடைப் பக்கமே விடாதீர்கள்.

இனி இரைச்சல். ஆக்டிவ் பிரீஆம்ப் அதைப் போக்காது. ஒற்றைச் சுருள் பிக்கப்தான் சுற்றியுள்ள 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பிடிக்கிறது. பிரீஆம்ப் அதையும் சேர்த்துப் பெரிதாக்கி அனுப்பும். ஜாஸ் பேஸ் வகைக் கிட்டார் என்றால் இரண்டு பிக்கப் வால்யூமையும் சமமாக வையுங்கள். ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும்.

கேள்வி: இணையத்தில் ‘ஆக்டிவ் பேஸ்’ என்று விளம்பரம் பார்த்து வாங்கினேன். வந்ததில் பேட்டரி இருக்கிறது, ஆனால் அதைக் கழற்றினாலும் சத்தம் அப்படியே வருகிறது. ஏமாந்துவிட்டேனா? விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.
— வியாசர்பாடி வாசகர்

பதில்: அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். கிட்டாரில் பாஸிவ் சுவிட்ச் இருந்து, அது பாஸிவ் பக்கம் நின்றால் இப்படித்தான் நடக்கும். ஐபனெஸ் ஜிஎஸ்ஆர்200 போன்றவற்றில் பேட்டரி, பேஸைக் கூட்டும் ஒரே ஒரு குமிழுக்காக மட்டுமே இருக்கிறது. அதுவும் ஓரளவுக்கு ஆக்டிவ்தான். ஆகவே விளம்பரத்தில் இருந்த விவரங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குமிழாகத் திருப்பிப் பாருங்கள். பேஸ், மிட், ட்ரெபிள் தனித்தனியாக என்று எழுதியிருந்து, அவற்றில் எதுவும் அசையாவிட்டால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் சட்டமும் உங்கள் பக்கம்தான். விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சடித்துவிட்டால் மட்டும் தப்பித்துவிட முடியாது.

விளம்பரப் பக்கத்தை இன்றே படம் எடுத்துவையுங்கள். நாளை அதை மாற்றிவிடுவார்கள். எழுத்தில் புகார் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்பவர் டில்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

கேள்வி: என் பாஸிவ் கிட்டாரிலேயே பிரீஆம்ப் பொருத்திக்கொள்ள முடியுமா?
— தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: முடியும். அமெரிக்க பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் புகழ்பெற்ற 1977 ஜாஸ் பேஸ் அப்படிப் பிரீஆம்ப் வைக்கப்பட்டதுதான். ஆனால் பேட்டரிக்கு இடம் வேண்டி மரத்தைக் குடைய நேரலாம். குடைந்ததை நிரப்ப முடியாது. முதலில் காலடியில் வைக்கும் பிரீஆம்ப் பெடல் ஒன்றைக் கடன் வாங்கி வாசித்துப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும். அதிலேயே டிஐ அவுட்புட்டும் இருந்தால் மேலே காசிமேடு வாசகருக்குச் சொன்ன பாக்ஸும் தேவையில்லை. அப்படியும் உள்ளேதான் வைப்பேன் என்றால், கழற்றிய பழைய குமிழ்களையும் வயர்களையும் ஓர் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். கிட்டாரை விற்கும்போது வாங்குபவர் கேட்கும் முதல் பொருள் அவைதான்.