வீட்டை அடமானம் வைத்து ஹோட்டல் பட்டம் வேண்டாம், அவள் சமையலறை வரையட்டும்

போன வாரம் ஒரு அம்மா நீளமாக எழுதியிருந்தார். மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள், ஹோட்டல் துறைதான் வேண்டும் என்கிறாள். வெளிநாட்டில் பெயர்பெற்ற ஒரு ஹோட்டல் நிர்வாகக் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. பெரியப்பாவும் மாமாவும் "வீட்டை அடமானம் வைத்தாவது அனுப்பு, இந்த வாய்ப்பு திரும்ப வராது" என்கிறார்கள். அவருக்கோ தூக்கம் போய்விட்டது. இன்னும் பல வீடுகளில் இதே பேச்சு நடக்கும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

அம்மா, நீங்கள் பயப்படுவதில் தப்பே இல்லை, மகள் எதை விரும்புகிறாள் என்று தெளிவாகச் சொல்கிறாள் என்பதே பெரிய விஷயம். ஆறுதல் அவ்வளவுதான். இனி கறாராகப் பேசுகிறேன்: வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

அந்தக் கல்லூரி மோசம் என்று நான் சொல்லவில்லை. அங்கே சொல்லித்தருவது பெரும்பாலும் நிர்வாகம், நிதி, விற்பனை, விருந்தினரைக் கையாள்வது. அதை முடித்தவர்களில் பலரும் முதலில் நிற்பது அதே வரவேற்பு மேசைக்குப் பின்னால்தான், பக்கத்தில் சாதாரணக் கல்லூரியில் படித்தவரும் நிற்பார். சம்பளம் மெதுவாக ஏறும், கடன் தவணை காத்திருக்காது. பணம் தாராளமாக இருக்கும் வீட்டுக்கு அது ஒரு தேர்வு, உங்களுக்கு அது சூதாட்டம். போதாததற்கு, முன்பின் தெரியாதவர்களிடம் சிரித்துப் பேச உங்கள் மகளுக்கு வராது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் ஏன் அவளை அந்த மேசைக்குப் பின்னால் நிறுத்தப் பார்க்கிறீர்கள்?

உங்கள் கடிதத்தில் புகார் மாதிரி ஒரு விஷயம் இருந்தது. குடும்பமாக ஒரு ஹோட்டலில் தங்கியபோது காலையில் சாப்பிடாமல் பஃபே வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு பேப்பர் நாப்கினில் படம் போட்டு, டோஸ்டர் வரிசையின் நடுவில் இருப்பதால்தான் எல்லோரும் தேங்கி நிற்கிறார்கள், அதைத் தனி மேசைக்கு மாற்றுங்கள் என்று பரிமாறுபவரிடமே போய்ச் சொன்னாளாம். உங்களுக்குக் கூச்சமாகிவிட்டதாம். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ரொட்டியைப் போட்டவர் அது வெந்து விழும்வரை நகரமாட்டார், பின்னால் வெறும் பழம் எடுக்க வந்தவரும் சேர்ந்து நிற்க வேண்டியதுதான். இதைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. ஹோட்டல் சமையலறைகளையும் உணவுக்கூடங்களையும் திட்டமிட்டு வரையும் வேலை. அந்த ஆலோசகர்களுக்கென எஃப்.சி.எஸ்.ஐ. என்ற உலகளாவிய சங்கமே இருக்கிறது. உறவினர்கள் யாரும் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மேலாளர், செஃப், விமானப் பணி பற்றியெல்லாம் சொல்ல அவர்களே போதும், நான் இதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கட்டிடத்தை வரைபவர் இந்த இடம் சமையலறை என்று ஒரு கட்டம் போட்டுக் கொடுத்துவிடுவார். அதற்குள் நடப்பதெல்லாம் இவர்கள் பொறுப்பு. சரக்கு இறங்கும் வாசல், எடை போடும் இடம், குளிர் அறை, பச்சை இறைச்சி வெட்டும் மேசை, அதிலிருந்து தள்ளிக் காய்கறி மேசை, அடுப்பு வரிசை, தட்டு தயாராகி வெளியே போகும் கவுன்டர். பொருள் முன்னால்தான் போக வேண்டும், வந்த வழியே திரும்பக் கூடாது. சமைத்ததும் பச்சையும் ஒரே இடத்தில் சந்தித்தால் கிருமி தாவிவிடும், அதனால் எச்சில் தட்டுகூட வேறு வழியில்தான் கழுவுமிடம் சேர வேண்டும். இன்று உலகமெங்கும் பின்பற்றும் ஹெச்.ஏ.சி.சி.பி. என்ற உணவுப் பாதுகாப்பு முறை, 1960களில் நாசாவின் விண்வெளி வீரர்களுக்கான உணவுக்காக பில்ஸ்பரி நிறுவனம் சேர்ந்து உருவாக்கியது. அந்த முறையில் சமையல்காரர் தாளில் குறித்துவைக்கும் விஷயத்தை இவர்கள் சுவராகவும் கதவாகவும் வடிகாலாகவும் மாற்றுகிறார்கள்.

காற்றையும் இவர்கள்தான் யோசிக்க வேண்டும். புகைபோக்கி உறிஞ்சும் அளவுக்கு ஈடாக வெளியிலிருந்து காற்று வராவிட்டால் கதவைத் திறக்கவே சிரமம். சமையலறையில் காற்றழுத்தம் உணவுக்கூடத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் வாசனை விருந்தினர் சட்டையில் ஏறிவிடும். இண்டக்‌ஷன் அடுப்பு வந்த பிறகு கணக்கே மாறிவிட்டது. கேஸ் அடுப்பில் எரிவதில் பாதிக்கு மேல் பாத்திரத்தைச் சேராமல் அறையைத்தான் சூடாக்கும், இண்டக்‌ஷனில் அந்த வீணடிப்பு மிகக் குறைவு, ஆனால் மின்சாரத் தேவை எகிறும். எது வேண்டும் என்பதைக் கட்டிடம் எழும்பும் முன்பே முடிவு செய்தாக வேண்டும், தரை பூசிய பிறகு மாற்றினால் உடைக்கத்தான் வேண்டும்.

இது ஒன்றும் நேற்று முளைத்த யோசனை இல்லை. 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டிடக்கலைஞர், ரயில் உணவுப் பெட்டியின் குறுகிய சமையலறையைக் கவனித்து, வேலைக்கு ஆகும் நேரத்தையும் நடையையும் அளந்து, பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வடிவமைத்தார். நாம் இன்று மாடுலர் கிச்சன் என்று வாங்குவதற்கெல்லாம் அது முன்னோடி. நாப்கினில் உங்கள் மகள் போட்ட படமும் அதே வகைப் பார்வையிலிருந்து வந்ததுதான்.

ஹோட்டல்கள் இப்போது மாறிக்கொண்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் இந்த வேலைக்குத் தேவை ஏன் இருக்கிறது என்று புரியும். சுமார் 2,000 அறைகள் கொண்ட நியூயார்க் ஹில்டன் மிட்டவுன், 2013-இல் ரூம் சர்வீஸை நிறுத்தப்போவதாக அறிவித்து, கீழே எடுத்துக்கொண்டு போகும் உணவுக்கடை வைத்தது. 2008-இல் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் தொடங்கிய சிட்டிசன்எம் என்ற ஹோட்டல் குழுமம், அறையைச் சிறியதாக்கி லாபியைப் பெரிதாக்கியது, அங்கேயே வேலை பார்க்கலாம், எந்நேரமும் சாப்பிடலாம். திறந்த சமையலறை, கண்ணெதிரே சமைத்துத் தரும் கவுன்டர் எல்லாம் விருந்தினருக்குப் பிடிக்கிறது, ஆனால் சத்தம், புகை, எச்சில் தட்டு மூன்றையும் எங்கே மறைப்பது? தட்டில் வீணாகும் உணவைக் குறைக்க பஃபே மேசையையே சுருக்கிச் சின்னத் தட்டுகளாக்குகிறார்கள். இப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் யாராவது உட்கார்ந்து புதிதாக வரைந்தாக வேண்டும்.

சரி, எப்படிப் போவது? உள்ளூரிலேயே, கடன் இல்லாமல் கட்டக்கூடிய கட்டணத்தில், இன்டீரியர் டிசைனோ உணவுத் தயாரிப்புப் படிப்போ எது அவளுக்கு இஷ்டமோ அதில் சேரட்டும். கூடவே கணினியில் கட்டிட வரைபடம் போட உதவும் ஆட்டோகேட், ரெவிட் என்ற மென்பொருள்கள் இரண்டையும் நன்றாகப் பழகட்டும், வரையத் தெரியாதவர்களுக்கு இங்கே இடமில்லை. படிப்பின்போதோ முடித்ததுமோ ஒரு பெரிய ஹோட்டல் சமையலறையில் கொஞ்ச காலம் உடம்பு வளைந்து வேலை செய்ய வேண்டும், அதிலும் பாத்திரம் கழுவும் இடத்தில் சில வாரம் கட்டாயம். அங்கே நிற்காதவர்கள் வரையும் திட்டத்தில் தட்டு அடுக்க இடமே இருக்காது. அதன் பிறகு சமையலறைக் கருவிகள் செய்யும் நிறுவனங்களின் வடிவமைப்புப் பிரிவில் முயற்சி செய்யலாம், உள்ளே நுழைய அதுதான் எளிய வாசல். அங்கே சில வருடம் பழகியவர்கள் ஆலோசனை அலுவலகங்களுக்குப் போவது வழக்கம்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளத்தைக் கேட்டுப் பெரியப்பா முகம் சுளிப்பார். கட்டுமான இடத்தில் தூசியில் நின்று, குழாய் போடுபவரோடும் மின்வேலை செய்பவரோடும் வாதாட வேண்டும், திறப்பு விழாப் படத்தில் இவள் இருக்க மாட்டாள். ஆனால் அங்கே பேச வேண்டியது அவளுக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றி, அதனால் அது அவளுக்கு வரும். கூச்ச சுபாவமுள்ள பெண் வடிகால் சரிவைப் பற்றிப் பேசும்போது குரல் உயர்த்துவதை இந்தத் துறையில் பார்த்திருக்கிறேன்.

மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தவணை தவறினால் அவர் கட்டுவாரா? பதில் எழுத்தில் வராதவரை அவர் கருத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டாவது, அந்தக் கல்லூரிக்கு முன்பணம் கட்டியிருந்தால் எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று இன்றே மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள், பிற்பாடு காட்ட ஆதாரம் இருக்காது. அந்தத் தேதிக்கு முன் மகளை ஒரு ஹோட்டல் சமையலறையில் ஒரு நாள் முழுக்க நிற்க வைத்து, மாலையில் அவள் பார்த்ததை வரையச் சொல்லுங்கள், படத்தை எனக்கு அனுப்புங்கள். பெரியப்பா கேட்டால் அதையும் காட்டலாம்.