ஊருக்கென்று ஓர் அவசர எண்

கேள்வி: அணைக்கட்டு வட்டத்தில், மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் எங்களுடையது. பாம்புக்கடி, தீ விபத்து போன்ற நேரங்களில் அழைப்பதற்கு, 108 போல எங்கள் ஊராட்சிக்கும் மூன்று இலக்க எண் பெற முடியுமா? அதை எல்லோருக்கும் எப்படித் தெரியப்படுத்துவது?
- ஒரு வாசகர், ஒடுகத்தூர் அருகில்

பதில்: மூன்று இலக்க எண்களை ஒதுக்குவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, ஊராட்சிக்கு அவை கிடைக்கா. அதற்காக வருந்தவும் வேண்டியதில்லை. 2008 முதல் தமிழகத்தில் இயங்கும் 108-உம், காவல், தீயணைப்பு, மருத்துவ உதவிக்குப் பொதுவான 112-உம் இருக்கையில், அவற்றுக்குப் போட்டியாக இன்னோர் எண் வைப்பது குழப்பத்தையே தரும். முதலில் 108, அடுத்து ஊர் எண் என்ற வரிசையில் உங்களுடையது துணை எண்ணாக இருக்கட்டும்.

துணை எண்ணுக்கு வேலை நிறைய உண்டு. "மாரியம்மன் கோயில் பக்கத்தில்" என்று பதற்றத்தில் சொன்னால், சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு என்ன விளங்கும்? மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் நம் பக்கத்தில் ஏது! ஊர் எண்ணை எடுப்பவர்தான் ஓட்டுநருக்கு வழி சொல்லி, டார்ச் விளக்கோடு ஒருவரைக் கூட்ரோட்டுக்கு அனுப்பி, வண்டி ஏறாத பாதையில் நோயாளியைத் தூக்கிவர ஆள் திரட்ட வேண்டும்.

ஊராட்சித் தலைவரின் சொந்த எண்ணை இதற்குக் கொடுக்காதீர்கள். பதவி மாறினால் எண்ணும் போய்விடும். தனி சிம் ஒன்றை வாங்கி, இரவு முறைக்கு யார் இருக்கிறாரோ அவரிடம் அந்தக் கைப்பேசி இருக்குமாறு செய்யுங்கள். வாங்குமுன், எந்த நிறுவனத்தின் சிக்னல் மலைப்பக்கத் தெருக்கள்வரை எட்டுகிறது என்று நடந்தே பாருங்கள். ரீசார்ஜ் தீர்ந்தால் நாளடைவில் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும் என்பதால், அந்தச் செலவை யார் ஏற்பது, முறைப்பட்டியலை யார் பார்ப்பது என்பதைக் கிராம சபையில் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

விளம்பரத்துக்கு ஒலிபெருக்கி அறிவிப்பும் வாட்ஸ்அப்பும் முதல் வாரத்துக்கு உதவும்; ஆபத்து வரும் இரவில் கண்ணில் படுவது சுவர்தான். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் ஆகிய இடங்களில் 108-ஐப் பெரிதாகவும், அதன் கீழே ஊர் எண்ணையும், இன்னும் கீழே ஊர், ஊராட்சி, வட்டம், பிரதான சாலையிலிருந்து வரும் வழி ஆகியவற்றையும் எழுதுங்கள். வெளியூர்க்காரரும் பார்த்துப் படித்துச் சொல்ல முடியும். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் முதியோரின் கைப்பேசியில் இந்த எண்ணை வேகஅழைப்பாகப் பதிந்து தருவதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். எப்போதாவது எண் மாறினால், புதியதை எழுதும் அன்றே பழையதை எல்லாச் சுவர்களிலும் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிடுங்கள்.